ஒன்பது பலகைக் கதவு

786

பண்ணைக்காடு
24-6-1962, ஞாயிறு

மருமக ஜஹனாராவுக்கு மாமா முத்து முகம்மது எழுதிக்கிறது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மாமி ரோஷன் பேகமும் ஆண்டவன் காவல்ல இருக்கோம். மாமிக்கு மூச்சு எளப்பு கொறஞ்சிருக்கு, வாய் மட்டும் கொறையலை. பழனியில உன் அம்மா, அதான் என் தங்கச்சி ஃபக்ருன்னிசா, சுகமா இருக்கிறதா ஆள் வந்து சொன்னாங்க. மெட்ராஸ் தண்ணி ஒனக்கு ஒத்துக்கிச்சா? அங்கே கடல்னு ஒண்ணு இருக்காமே, அம்புட்டுத் தண்ணியும் உப்பாமே. மளிகைக் கடைக்காரன் கேட்டா வயிறு எரியுது தாயி. நான் படி போட்டு வித்த உப்பு அங்கே கேப்பாரில்லாம கெடக்கு.

நான் மூணாங் கிளாஸ் வரைக்கும் படிச்சவன். அதுக்கு மேல போனா வாத்தியாரு வேலைக்கு ஆபத்துன்னு அவரே நிறுத்திட்டாரு. அதனால டீச்சர் வேலைக்குப் படிக்கிற நீ இந்தக் காயிதத்துல சிவப்பு மசி போடாம படிச்சுக்க.

நீ ஆரம்பிச்ச வவ்வாச் சங்கத்துல இப்ப மிஞ்சினது மூணு பேரு. நான் ஒருத்தன். எங்க ஊரு தபால்காரரு பொன்னுவேலு ஒருத்தரு. பழனி அடிவாரத்துல போட்டோ கடை வச்சிருக்கிற குருநாதன் ஒருத்தரு. அவரு பஸ்ஸுல வாந்தி எடுத்துட்டு வந்து, பொடவுக் குகைக்குள்ள வந்ததும் மறுபடி எடுப்பாரு. குகையில வவ்வாலுக்கு அடுத்தபடியா அவரு போட்ட ஒரம்தான் ஜாஸ்தி.

இன்னைக்கு மாசக் கடைசி ஞாயிறு. நீ சொல்லிக் குடுத்தபடி பொழுது சாயுற மஃரிபு நேரத்துக்கு நானும் பொன்னுவேலும் பொடவு வாசல்ல ஒக்காந்தோம். வவ்வாலுக வெளிய கெளம்ப, அவரு எண்ணி "பத்து"ன்னு சொல்லச் சொல்ல நான் ஒரு புளியங்கொட்டைய சட்டியில போட்டேன். நூத்தி முப்பத்தோரு கொட்டை, மேல ரெண்டு. ஆக ஆயிரத்து முன்னூத்திப் பன்னெண்டு. சீட்டுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு இதோட வச்சிருக்கோம்.

ஒரு தொந்தரவு. கீழ வாழைத் தோட்டத்து ஆளுக வவ்வாப் புழுக்கைய ஒரத்துக்கு அள்ள வர்றாங்க. பந்தம் கொளுத்தி தகரத்தைத் தட்டுறாங்க. நீ படம் வரைஞ்சு குடுத்த கம்பிக் கதவுக்கு வத்தலக்குண்டு நாச்சிமுத்து ஆசாரிகிட்டப் போனேன். தீவாளிக்கு அப்புறம்தான் ஆகுமாம். எனக்கு ஒரு யோசனை இருக்கு. சொல்ல மாட்டேன். சொன்னா நீ தடுப்ப.

ஒடம்பைப் பாத்துக்க. வெரசா பதில் போடு.

இப்படிக்கு
உன் மாமா
முத்து முகம்மது

---

சென்னை
8-7-1962

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, ஜஹனாராவின் ஸலாம். நான் இறைவன் அருளால் நலமாக இருக்கிறேன். மாமியின் மூச்சிளைப்புக்குத் தூதுவளைக் கஷாயத்தை விடாமல் கொடுங்கள். குடிக்க மறுத்தால் மருமகள் கோபித்துக்கொள்வாள் என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை விடுதியில் வாசித்துக் காட்டினேன். உப்பு விஷயத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். குருநாதன் அண்ணன் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன், பாவம்.

இனி வேடிக்கை இல்லாமல் ஒன்று சொல்கிறேன். பொடவு இருக்கும் குன்றில் கல் உடைக்க ஒருவர் அனுமதி கேட்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். வெடி வைத்தால் முதல் நாளே வௌவால்கள் ஓடிவிடும். வன அதிகாரிக்கு நம் சங்கத்தின் பேரில் மனு எழுதியிருந்தேன். பதில் வந்துவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வௌவால்கள் அங்கே நிலையாக வாழ்கின்றன, குட்டி வளர்க்கின்றன என்று மாதாமாதம் எண்ணிய சீட்டுகளால் காட்டினால், அந்தக் குன்றில் குவாரிக்கு அனுமதி கிடையாது என்கிறார். மார்ச் மாதம் முடிவு சொல்வாராம். சம்பளம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றில் உட்கார்ந்து எண்ணுகிற நான்கு பேரின் பேச்சை ஓர் அதிகாரி நம்பத் தயாராக இருக்கிறார், மாமா. உங்கள் புளியங்கொட்டைகள்தான் நமக்குச் சாட்சி.

உங்கள் யோசனை எதுவாக இருந்தாலும் வாசலை அடைக்க வேண்டாம். கம்பிகள் படுக்கைவாட்டில்தான் இருக்க வேண்டும். நடுவில் ஒரு சாண் இடைவெளி வேண்டும். ஆள் நுழையக் கூடாது, வௌவால் நுழைய வேண்டும். அதுதான் கணக்கு.

பொன்னுவேல் அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்புடன்
ஜஹனாரா

---

786

பண்ணைக்காடு
29-7-1962, ஞாயிறு

மருமகளுக்கு மாமா துவா. இங்கே எல்லாரும் சுகம். உன் கஷாயத்தை மாமி குடிக்க மாட்டேன்னுட்டா, நான் ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன், அவ பக்கம்தான் ஞாயம். நீ வேளாவேளைக்குச் சாப்புடுறியா?

நீ தடுக்கிறதுக்கு முந்தியே யோசனைய முடிச்சுட்டேன். பழைய கடைய இடிச்சப்ப ஒம்போது பலகை வச்சிருந்தேன்ல, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா சொருகி கடை சாத்துவோமே, நம்பர் போட்டது. பொடவு வாசலுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. மேலயும் கீழயும் மரச்சட்டம் அடிச்சு சொருகி, குறுக்க இரும்புப் பட்டா, பூட்டு. சாவி என் இடுப்புல.

பதறாதே. சாயங்காலம் ஆச்சுன்னா போயி எட்டாம் நம்பரும் ஒம்போதாம் நம்பரும் கழட்டிருவேன். வவ்வாலுக வெளிய போகும். வெள்ளனே எல்லாம் திரும்பினதும் மறுபடி சொருகிருவேன். நாப்பது வருசம் மனுசனுக்குக் கடை தொறந்து கடை சாத்தினேன், இப்ப வவ்வாலுக்கு. இதுக கடன் சொல்றதில்லை, எடை கொறையுதுன்னு சண்டை போடுறதில்லை. தலைகீழா தொங்குற ஒரே குத்தம்தான்.

பொன்னுவேலுக்குத்தான் பிடிக்கலை. "பாய், டீச்சரம்மா கம்பின்னுல்ல சொன்னாங்க, நீங்க பலகையச் சொருகி வச்சிருக்கீங்க" அப்படிங்கிறாரு. "யோவ், தபால் பெட்டிக்கும் பூட்டு இருக்குல்ல, அதுக்குள்ள காயிதம் மூச்சு முட்டியா சாகுது?"ன்னு கேட்டேன். பையத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

இந்த மாசம் ஆயிரத்து இரநூத்தித் தொண்ணூறு. ரெண்டு கையெழுத்தும் இருக்கு. தாய் வவ்வாலுக மாருல குட்டியக் கட்டிக்கிட்டுத் தொங்குது. உள்ள போயி லாந்தரைத் தூக்கிப் பாத்தேன். பொக்கை வாய்க் கெழவிக கணக்கா எல்லாம் என்னையப் பாத்துச்சு. உன் மாமிய நெனச்சுக்கிட்டேன். சொல்லிராதே.

வர்ற ஆகஸ்டு 26, ஞாயிறு, அய்யம்பாளையத்துல என் சின்னாப்பா பேரன் நிக்காஹ். நான் போகாம அந்த ஊரு சிரிக்காது. சனிக்கிழமை போயி திங்கக்கிழமை வந்துருவேன்.

உன் மாமா
முத்து முகம்மது

---

சென்னை
9-8-1962

அன்பு மாமாவுக்கு ஸலாம். நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. இந்த முறை விடுதியில் வாசித்துக் காட்டவில்லை.

மாமா, பலகை வேண்டாம். தயவுசெய்து. எல்லா வௌவாலும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் திரும்புவதில்லை. குட்டி இருக்கும் தாய் இடையில் வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி போகும். அதற்கு நீங்கள் நேரம் குறிக்க முடியாது. அது கடை இல்லை.

இப்போதைக்கு வேறு வழி இல்லை என்றால், எட்டும் ஒன்பதும் எப்போதும் கழற்றியே இருக்கட்டும். புழுக்கை அள்ளுகிறவர்கள் வந்தால் வரட்டும். நீங்கள் கல்யாணத்துக்குப் போகும்போது ஒன்பது பலகையையும் கழற்றிவிட்டுப் போக வேண்டும். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள். செய்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

மாமிக்கு என் ஸலாம். மணமக்களுக்கு என் துவா.

ஜஹனாரா

---

786

பண்ணைக்காடு
20-9-1962

மருமகளுக்கு மாமா எழுதிக்கிறது. ஸலாம். சுகம். பதில் போட நாளாயிருச்சு, கோவிச்சுக்காதே. நிக்காஹ் நல்லபடியா முடிஞ்சது. திரும்பி வர கொஞ்சம் தாமசம். மலை ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸு இல்லை.

ஆகஸ்டு எண்ணிக்கை ஆயிரத்து முன்னூத்தி அஞ்சு. சீட்டு வச்சிருக்கேன். பொன்னுவேலுக்கு முழங்கால் வலி, மேட்டுக்கு ஏற முடியலை. அதனால நான் மட்டும்தான் கையெழுத்து.

பலகையக் கழட்டிட்டேன். ஒம்போதும். நீ சொன்னபடி.

மாமிக்கு எளப்பு மறுபடி வந்துருக்கு. மழை ஜாஸ்தி. உன் ஒடம்பைப் பாத்துக்க.

மாமா

---

சென்னை
5-10-1962

அன்பு மாமாவுக்கு ஸலாம். மாமிக்கு எப்படி இருக்கிறது? பண்ணைக்காட்டுக் குளிரில் அவர்களை அதிகாலையில் எழுந்திருக்க விடாதீர்கள். எனக்கு நலம்.

பலகையைக் கழற்றிவிட்டீர்கள் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. ஆயிரத்து முந்நூற்று ஐந்து! குட்டிகள் சில பறக்க ஆரம்பித்திருக்கும், அதனால் கூடியிருக்கும் என்று நினைக்கிறேன். மனுவின் அட்டவணையில் எழுதிவிட்டேன்.

பொன்னுவேல் அண்ணன் தினம் ஆறு மைல் நடந்து தபால் கொடுக்கிறவர். அவருக்கு முழங்கால் வலி என்றால் ஊருக்கே தபால் நின்றிருக்குமே? அவரது கையெழுத்தும் இருந்தால் நல்லது. அதிகாரி கேட்பார்.

உங்கள் கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தது. ஒரு கேலிகூட இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

குருநாதன் அண்ணன் நவம்பரில் வந்து தாயும் குட்டியுமாகப் படம் எடுக்கப்போகிறாராம். மனுவோடு வைக்கலாம்.

அன்புடன்
ஜஹனாரா

---

786

பண்ணைக்காடு
27-11-1962

மருமகளுக்கு ஸலாம். மாமி தேவலை. நீ கேலி இல்லைன்னு எழுதினதால இந்தத் தடவை தேடிப் புடிச்சு ஒண்ணு எழுதுறேன்.

குருநாதன் வந்தாரு. பெட்டி, முக்காலி, குடை, எலுமிச்சம்பழம், எல்லாம் கொண்டாந்தாரு. கடையில ஒக்கார வச்சு டீ குடுத்து, "தம்பி, பொடவுக்குள்ள கரடி குட்டி போட்டுருக்கு, போன வாரம் வாழைத் தோட்டத்துக்காரன் ஒருத்தன் கன்னத்தை வழிச்சிருச்சு"ன்னேன். "எந்தக் கன்னத்தை?"ன்னாரு. "எது உள்ள போச்சோ அதை"ன்னேன். டீயக் குடிக்காமலே அடுத்த பஸ்ஸைப் புடிச்சுட்டாரு. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலி.

செப்டம்பரு ஆயிரத்து முன்னூறு. அக்டோபரு ஆயிரத்து இரநூத்தி எண்பது. நவம்பரு ஆயிரத்து முன்னூறு. சீட்டு மூணும் உள்ள இருக்கு.

பொன்னுவேலு தபால் குடுக்கிறாரு. முழங்கால் பத்தி நீ ஒண்ணும் எழுத வேணாம், அவரு சங்கடப்படுவாரு.

மாமா

---

சென்னை
30-12-1962

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, ஜஹனாராவின் ஸலாம். நான் நலம். பழனியிலிருந்து அம்மா கடிதம் போட்டிருந்தார், நலமாக இருக்கிறார். மாமியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சீட்டுகள் கிடைத்தன. மனுவைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன். மாதாமாதம் எண்ணிக்கை, எண்ணியவர் பெயர், எண்ணிய முறை எல்லாம் இருக்கிறது. உங்கள் பெயரை முதலில் போட்டிருக்கிறேன்.

அதிகாரி பதில் எழுதியிருக்கிறார். மார்ச் 2, சனிக்கிழமை, குவாரிக்காரரையும் கூட்டிக்கொண்டு அவரே பொடவுக்கு வருகிறார். நம் எண்ணிக்கை சரிதானா என்று அன்று மாலை உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பாராம். அங்கேயே முடிவு சொல்லிவிடுவாராம். நானும் வரலாம் என்றிருக்கிறேன்.

கரடி இன்னும் இருக்கிறதா, மாமா?

ஜஹனாரா

---

786

பண்ணைக்காடு
10-2-1963, ஞாயிறு

மருமக ஜஹனாராவுக்கு மாமா எழுதிக்கிறது. அஸ்ஸலாமு அலைக்கும். மாமி சுகம். நான் சுகம்னு எழுதக் கை வரலை.

உன் காயிதம் வந்து நாப்பது நாள் ஆகுது. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். எழுதினதுல எல்லாம் ஒரு வேடிக்கை வந்து ஒக்காந்துக்கிச்சு. என் கைக்கு அந்த வழிதான் தெரியும்.

கரடி இல்லை தாயி. வவ்வாலும் இல்லை.

ஆகஸ்டு 25 சனிக்கிழமை மத்தியானம் அய்யம்பாளையம் கெளம்பினேன். உன் காயிதம் சட்டைப் பையில இருந்துச்சு. படிச்சுட்டேன். ஒம்போதையும் கழட்டச் சொன்னதைப் படிச்சுட்டேன். ஆனா ரெண்டு நாள் முந்தி அந்தப் புழுக்கைக்காரனுக வந்து பலகைய நெம்பிப் பாத்திருந்தானுக. நான் இல்லைன்னு தெரிஞ்சா அள்ளிட்டுப் போயிருவானுக, என்னையக் கேணயன் ஆக்கிருவானுகன்னு ஒரு வீம்பு. ஒம்போதையும் சொருகிப் பூட்டினேன். பொன்னுவேலு கூட இருந்தாரு. "பாய், அதுக எப்படிச் சாப்புடும்?"ன்னாரு. நான் சொன்னேன்: "ரெண்டு நாளு நோம்பு புடிக்கட்டும்யா. முஸ்லிம் பாதுகாக்கிற வவ்வாலுல்ல." சொல்லிட்டு நானே சிரிச்சேன்.

மண்ணு சரிஞ்சு பஸ் இல்லைன்னு எழுதினேன். பொய். ரோடு நல்லாத்தான் இருந்துச்சு. தினம் மூணு பஸ்ஸு போச்சு. நிக்காஹ் முடிஞ்சு திங்கக்கிழமை கெளம்பத் துண்டை எடுத்தேன். "இருங்க பாய், நீங்க போனா வீடு வீடாவே இருக்காது"ன்னாங்க. நான் பேசினா சிரிக்கிறாங்க. வெத்தலை மடிச்சுக் குடுக்கிறாங்க. பொம்பளையாளுக கதவுக்குப் பின்னாடி நின்னு சிரிக்கிற சத்தம் கேக்குது. செவ்வாய் இருந்தேன். புதன் இருந்தேன்.

இதுக்கு மேலதான் எழுத முடியாமக் கிழிச்சது.

வியாழக்கிழமை அந்த வீட்டு வெலாசத்துக்கு எனக்கு ஒரு கார்டு வந்துச்சு. பொன்னுவேலு எழுதினது. "பாய், மூணு நாளா ஒண்ணுகூட வெளிய வரலை. உள்ள கத்துற சத்தம் வெளிய கேக்குது. வீட்டுல கேட்டேன், சாவி உங்க கூடப் போயிருச்சுன்னாங்க. உடனே வாங்க." இம்புட்டுத்தான். அதை நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பந்தியில எந்திரிச்சு நின்னு எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். பொன்னுவேலு கொரலுலயே வாசிச்சேன். "பாருங்கய்யா, எங்க ஊரு சர்க்கார் தபால்காரரு வவ்வாலுக்கு வக்காலத்து வாங்கிக் கார்டு போட்டுருக்காரு"ன்னேன். பிரியாணி பொரை ஏறச் சிரிச்சாங்க. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சேன்.

சனிக்கிழமைதான் வந்தேன். ஏழு சாயங்காலம் அதுகளுக்குக் கதவு தொறக்கலை.

வாசலுக்குப் போறப்பவே பொன்னுவேலு அங்க நின்னாரு, தபால் பையோட. எட்டாம் நம்பரைக் கழட்டினேன். பலகையோட சேந்து விழுந்துச்சு. பலகைக்கு உள்பக்கம் பூராம் ஒட்டிக்கிட்டு, இடுக்கு கெடைக்குமான்னு தேடி, அப்படியே. கீழ முழங்கால் ஒசரத்துக்குக் குமிஞ்சு கெடந்துச்சு. குட்டிக தாயை விடவே இல்லை. உசுரோட இருந்தது கொஞ்சம் பட்டப்பகல்ல என் தலைக்கு மேல போச்சு. அந்தக் காத்து என் மொகத்துல பட்டது. நான் எண்ணலை.

பொன்னுவேலு உள்ள எட்டிப் பாத்துட்டு ஒண்ணுதான் சொன்னாரு. "பூட்டை ஒடைச்சிருக்கணும் பாய். அடுத்த ஆளு பூட்டுன்னு கை வரலை." கண்ணு தண்ணி விட்டுச்சு அவருக்கு. அப்புறம், "டீச்சரம்மாவுக்கு நீங்களே எழுதிருங்க. நான் எழுதினா கோள் சொன்ன மாதிரி ஆயிரும்"ன்னாரு. அவருக்கு முழங்கால் வலி எல்லாம் இல்லை. பொய்ச் சீட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. உன் காயிதத்தை ஒவ்வொரு தடவையும் என் கையில குடுத்துட்டு அஞ்சு நிமிசம் நிப்பாரு. பதில் இருக்கான்னு கேக்க மாட்டாரு. சும்மா நிப்பாரு. அந்த அஞ்சு நிமிசத்துல நான் யாவாரம் பாக்கிற மாதிரி நடிப்பேன்.

ஆகஸ்டுலேர்ந்து நான் எழுதின நம்பரு எல்லாம் கடையில ஒக்காந்து எழுதினது. சட்டியில ஒரு கொட்டை போடலை.

இப்ப நோம்பு. பகல் பூரா எச்சி முழுங்காம இருக்கேன். சாயங்காலம் பள்ளிவாசல்ல பாங்கு சொன்னதும் கஞ்சிய வாயில வைக்கிறேன். வவ்வாலுக பொடவை விட்டுக் கெளம்புற நேரமும் அதேதான். முன்னாடியெல்லாம் கடை வாசல்லேர்ந்து பாத்தா வானத்துல கறுப்பா ஒரு கோடு போகும். இப்ப இல்லை. எனக்குப் பாங்கு சொல்ல ஒருத்தரு இருக்காரு. அதுகளுக்குச் சொல்ல வேண்டியவன் அய்யம்பாளையத்துல கார்டு வாசிச்சுக்கிட்டு இருந்தான். கஞ்சி எறங்க மாட்டேங்குது.

அதிகாரி வர இன்னும் இருவது நாள் இருக்கு. நீ என்ன செய்யச் சொன்னாலும் செய்றேன். என்னைய மன்னிச்சிருன்னு கேக்க மாட்டேன். கேட்டா அதையும் வேடிக்கையா கேட்டுருவேனோன்னு பயமா இருக்கு.

முத்து முகம்மது

---

சென்னை
24-2-1963

மாமாவுக்கு ஸலாம். மாமியிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். அவர்கள் உடம்புக்கு ஆகாது.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். திட்டி ஒன்று எழுதினேன். பிறகு என்னிடம் இருந்த உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஜூலையில் எழுதியிருக்கிறீர்கள்: கல்யாணம் ஆகஸ்ட் 26, ஞாயிறு என்று. அது மாதக் கடைசி ஞாயிறு. எண்ணுகிற நாள். நீங்கள் அய்யம்பாளையத்தில் இருந்த நாளில் ஆயிரத்து முந்நூற்று ஐந்தை எண்ணியது யார்?

இது இப்போது கண்டுபிடித்ததில்லை, மாமா. சீட்டு வந்த அன்றே எனக்குத் தெரிந்தது. கேட்டால் எண் போய்விடும் என்று கேட்காமல் இருந்தேன். கையெழுத்தைப் பற்றி மட்டும் கேட்டேன், எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள. அட்டவணையில் அந்த எண்ணை எழுதிய கை என்னுடையது. ஆகவே உங்களைத் திட்டி எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

அதிகாரிக்கு எழுதிவிட்டேன். ஆகஸ்ட் முதல் உள்ள எண்கள் பொய், அவற்றில் ஒன்றின் மேல் எனக்கே முதலிலிருந்து சந்தேகம் இருந்தது, அடித்துவிடுங்கள் என்று. குருநாதன் அண்ணனுக்கும் எழுதினேன். சங்கத்திலிருந்து விலகிக்கொள்வதாக மறுதபாலில் பதில் வந்தது. அதிகாரி ஒரே வரி எழுதியிருக்கிறார்: குறித்தபடி வருவேன், இருப்பதைப் பார்ப்பேன்.

நான் வரவில்லை. விடுமுறை கிடைக்கும், ஆனாலும் வரவில்லை. நான் இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பொடவு எப்படிக் காலியானது என்று நீங்களே சொல்ல வேண்டும். அந்தக் கார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஜஹனாரா

---

786

பண்ணைக்காடு
3-3-1963, ஞாயிறு

மருமக ஜஹனாராவுக்கு மாமா ஸலாம். பெருநாள் கழிஞ்சது. மாமி சுகம், உனக்குத் துவா சொன்னா. நீ சுகமா இருக்கியா?

நேத்து நாலு மணிக்கே வந்துட்டாங்க. அதிகாரி சின்ன வயசு, கண்ணாடி போட்டவரு. குவாரிக்காரரு வெள்ளை வேட்டி. பொடவு வாசல்ல நின்னு, கெளம்பினதுலேர்ந்து ஆரம்பிச்சுச் சொன்னேன். நோம்பு புடிக்கட்டும்னு சொன்னதைச் சொன்னேன். கார்டு வாசிச்சதைச் சொன்னேன். அந்த எடத்துல குவாரிக்காரரு குபீர்னு சிரிச்சுட்டாரு. "பாய் நல்ல வேடிக்கைக்காரரா இருப்பாரு போல"ன்னாரு. அறுவத்தாறு வருசத்துல நான் சொன்னதுக்கு ஒருத்தரு சிரிச்சு எனக்குத் தோலு உரிஞ்சது இதுதான் மொத தடவை. அதிகாரி சிரிக்கலை. "பலகை எங்கே?"ன்னு மட்டும் கேட்டாரு. எரிச்சுட்டேன்னேன்.

"சரி, எண்ணுங்க"ன்னாரு.

பொன்னுவேலு பக்கத்துல வந்து ஒக்காந்தாரு. நான் கூப்புடலை. ஏழு மாசத்துக்கு அப்புறம் சட்டிய என் பக்கம் நகத்தி வச்சாரு. "நீரே எண்ணும்யா, நான் எண்ண மாட்டேன், கொட்டை மட்டும் போடுறேன்"ன்னேன். பள்ளிவாசல்ல பாங்கு கேட்டுச்சு. ஒண்ணும் வரலை. குவாரிக்காரரு கடிகாரத்தைப் பாத்தாரு. அப்புறம் "ஒண்ணு"ன்னாரு பொன்னுவேலு. நான் பத்து வரட்டும்னு கைய வச்சுக்கிட்டு இருந்தேன். "போடுங்க பாய்"ன்னாரு. முன்னாடி பத்துக்கு ஒரு கொட்டை. நேத்து ஒண்ணுக்கு ஒரு கொட்டை.

நல்லா இருட்டுற வரைக்கும் ஒக்காந்திருந்தோம். நாப்பத்தி ஒண்ணு.

அதிகாரி சொன்னது: ஆயிரம்னா குன்றையே நிறுத்தி வச்சிருப்பேன், நாப்பத்தி ஒண்ணுக்கு அப்படிச் செய்ய முடியாது. கீழ்ச் சரிவுல சித்திரைக்கு மேல வெடி வைக்கலாம். பொடவு இருக்கிற மேல் சரிவை மட்டும் ஒரு வருசம் தொடக் கூடாது. அதுக்குள்ள கூடுதான்னு பாத்து எண்ணி அனுப்புங்க, ரெண்டு கையெழுத்தோட. ஆக, பாதிக் குன்று என்னால போச்சு. வெடிச் சத்தத்துல இந்த நாப்பத்தி ஒண்ணு நிக்குமா, தெரியலை. நாச்சிமுத்து ஆசாரி கம்பிக் கதவை அனுப்பிட்டாரு. நீ சொன்ன ஒரு சாண் எடைவெளி. மாட்டியாச்சு. அதுல பூட்டு உண்டு. சாவி பொன்னுவேலு கிட்ட.

உன்கிட்ட ஒண்ணு சொல்லிருறேன். அவங்க எந்திரிச்சு வேட்டியத் தட்டுறப்ப, என் கையில இன்னும் ஒரு கொட்டை இருந்துச்சு. இருட்டு. யாரும் பாக்கலை. சட்டி மடியிலதான் இருக்கு. நாப்பத்தி ரெண்டுன்னா என்ன வந்துறப் போகுதுன்னு வெரலு அரிச்சது. ஒண்ணே ஒண்ணுதானே. இம்புட்டுக்கு அப்புறமும் இந்தக் கை அப்படித்தான் இருக்கு, பாத்துக்க.

போடலை. அந்தக் கொட்டைய இதுக்குள்ள வச்சு அனுப்புறேன். சீட்டும் இருக்கு.

முத்து முகம்மது

*(உடன் வைத்த சீட்டு)*

2-3-63, சனி. வவ்வாப்பொடவு. நாற்பத்தொன்று.
எண்ணியது: பொ. பொன்னுவேல்.
கொட்டை போட்டது: முத்து முகம்மது.